எத்தனை காலம் இருக்கணும்? – ஒரு மண் சிற்பியின் பதில்கள்

சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவே பட்டறை வைத்து செராமிக் சிற்பங்கள் செய்துவருகிறவர். இவருடைய அப்புச்சி, அதாவது தாய்வழித் தாத்தா, கோவில்களுக்கு உருவாரம், அதாவது வேண்டுதலுக்கு வைக்கும் மண்பொம்மை, செய்துகொடுத்தவர். வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கொங்கு மண்ணிலேயே செராமிக் சிற்பம் செய்ய முடியுமா? உங்களுக்கு மண் எங்கிருந்து வருகிறது?
– வெள்ளகோவில் வாசகர்

செய்யலாம். எவ்வளவு சூடு கொடுக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நம்ம பக்கத்துச் செவக்காட்டு மண்ணில் பசை கிடையாது, பிசைந்து வளைத்தால் விண்டுபோகும். கரிசலில் பசை அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. தண்ணீரைக் குடித்து உப்பும், காயும்போது சுருங்கிப் பிளக்கும். சித்திரை மாசம் தாராபுரம் பக்கம் கரிசக்காட்டில் நடந்து பாருங்க, வெடிப்புக்குள் கால் போகும். குளத்து வண்டல்தான் நடுவாந்திரம். ஊறப்போட்டு, கரைத்து, துணியில் வடித்து, ஆற்று மணலோ உமியோ சேர்த்து மிதித்தால் சிற்பத்துக்கு ஆகும். குளத்து மண் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று 2024-இல் விதியை இளக்கியிருக்கிறார்கள், மண்பாண்டத் தொழிலுக்கும் அது பொருந்தும்.

இந்த வண்டலில் இரும்பு அதிகம். 900 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை கொடுத்தால் அருமையான சிவப்பு. 1100-ஐத் தாண்டினால் கறுத்து, உப்பி, இன்னும் போனால் உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். வெளியில் வெயில் மழையில் நிற்கவேண்டிய சிற்பத்தை நான் ஸ்டோன்வேரில் செய்கிறேன், கல் மாதிரி இறுகும்வரை சுடுகிற வகை அது, அதற்கு 1200-க்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்கும் வெள்ளைக் களி நம்மிடம் இல்லை. நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. ஆனால் அதோடு சேர்க்கிற கல் நம்ம ஊர்ச் சொத்து. நாமக்கல், கரூர், காங்கயம் வட்டாரத்துப் பாறைகளில் ஃபெல்ஸ்பார் என்கிற, சூட்டில் உருகி மண்ணை இறுக்கும் கல்லும் வெங்கச்சங்கல்லும் கிடைக்கின்றன. ஏர் ஓட்டும்போது தட்டுப்பட்டால் எடுத்து வரப்பில் வீசுகிறோமே, அந்த வெங்கச்சங்கல்தான் குவார்ட்ஸ். பொடித்தால் மண்ணுக்கும் ஆகும், மேலே பூசிச் சுட்டால் கண்ணாடி மாதிரிப் படியும் கிளேஸுக்கும் ஆகும்.

நொய்யல் கரையோர மண்ணை மட்டும் பார்த்து வாங்குங்க. திருப்பூருக்குக் கீழே பல இடங்களில் சாயக்கழிவு உப்பு இறங்கியிருக்கிறது. அந்த மண்ணில் செய்து காயவைத்தால் உப்பு மேலே ஏறி, சுட்டபிறகு வெள்ளை வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதைத் தடுக்க பேரியம் கார்பனேட் போடச் சொல்வார்கள். அது விஷம். நான் மண்ணையே மாற்றிவிடுவேன்.

பையன் பள்ளிக்காக ஒரு யானை செய்தான். நன்றாகக் காயவைத்துத்தான் விறகடுப்பில் வைத்தோம், டமாரென்று வெடித்துவிட்டது. உள்ளே காற்று மாட்டிக்கொண்டதால் வெடித்தது என்கிறார் டீச்சர். சரிதானா?
– கோபி வாசகி

பையனைத் திட்டாதீங்க அம்மிணி. டீச்சர் சொன்னதைத்தான் வருஷக்கணக்காக மண்ணில் கிடப்பவர்களும் சொல்வார்கள். காற்று பாவம், அதன்மேல் பழி போடுவது சுலபம். வெடிக்கவைப்பது தண்ணீர். வெளியே தொட்டால் காய்ந்தமாதிரி தெரிந்தாலும் கெட்டியான உடம்பின் நடுவில் ஈரம் நிற்கும். 100 டிகிரி தாண்டியதும் அது நீராவியாகி 1600 மடங்குக்கு மேல் விரிகிறது. வழி கிடைக்கவில்லை என்றால் சுவரை உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். நான் செய்கிற தலைகளுக்குள் ஒரு குடம் காற்று இருக்கிறது. மண் காய்ந்திருந்தால் அது ஒன்றும் செய்வதில்லை.

யானைக்கு உடம்பைக் கெட்டியாக உருட்டிப் பிடித்திருப்பான். அடுத்த முறை காகிதத்தைக் கசக்கி உருண்டையாக்கி, அதைச் சுற்றி விரல் தடிமனுக்கு மண்ணை வையுங்க. இல்லாவிட்டால் கெட்டியாகவே செய்து, பாதி காய்ந்ததும் கம்பியால் இரண்டாக அறுத்து, உள்மண்ணைக் கரண்டியால் தோண்டி எடுத்து, ஓரங்களைக் கீறி மண்கூழ் தடவி ஒட்டலாம். வயிற்றுக்கு அடியில் ஒரு துளை கட்டாயம் வேண்டும். காதும் தும்பிக்கையும் முதலில் காய்ந்து உடம்பைப் பிய்த்துக்கொண்டு வரும், அவற்றுக்கு மட்டும் ஈரத்துணி சுற்றி வையுங்க. காய்ந்ததா என்று கையால் பார்க்காதீங்க, கன்னத்தில் வைத்துப் பாருங்க. சில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

விறகடுப்பு சில நிமிஷத்திலேயே எகிறிவிடும். பட்டறையில் பெரிய சிற்பமாக இருந்தால் ராத்திரி முழுக்க 100 டிகிரிக்குக் கீழேயே வைத்திருப்பேன். அதற்கப்புறமும் அவசரப்பட முடியாது. மண்ணின் கட்டமைப்புக்குள்ளேயே கலந்திருக்கும் தண்ணீர் 450 முதல் 600 டிகிரிக்குள் பிரிந்து போகிறது. 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் திடீரென்று விரியும். ஆறும்போது அதே 573-இல் சுருங்கும். சூளைக் கதவை ஆசைப்பட்டு முன்னாலேயே திறக்கிறவர்கள் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்பார்கள், அதற்குப் பிறகு பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

மாட்டுக்கு நோவு வந்தால் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோவிலுக்கு உருவாரம் வைக்கிறதாக வேண்டிக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். அந்தப் பொம்மைகளும் உங்கள் சிற்பமும் ஒன்றா? வெயிலிலும் மழையிலும் அவை உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. உங்களை மாதிரி ஆட்கள் கெட்டியாகச் செய்துகொடுக்கக் கூடாதா?
– உடுமலை வாசகர்

இதற்கு நாலு வரியில் பதில் சொல்ல முடியாதுங்க.

பொங்கலுக்கு அந்தக் கோவிலில் கூடும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாடும் கன்றுமாக உருவாரங்கள் குவிந்துவிடும். எங்க அப்புச்சிக்கு மார்கழி முழுக்க வேறு வேலை இருக்காது. மாட்டின் உடம்பைத் தனியாகச் செதுக்க மாட்டார். சக்கரத்தில் குடத்துக்கு இழுக்கிற மாதிரியே ஒரு கூட்டை இழுத்து, அதைப் படுக்கவைத்து, கழுத்துக்கு ஒரு சின்னக் கூடு, காலுக்கு நாலு குழாய் என்று ஒட்டுவார். அதனால் எல்லாமே உள்ளே காலி, வெடிக்காது. காது, கொம்பு, திமில் மூன்றும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து செய்யும் வேலை. கண்ணுக்கு ஈர்க்குச்சியால் ஒரு குத்து. கண் நோவு என்று வருகிறவர்களுக்குக் கண், கால் நோவுக்குக் கால், பிள்ளை இல்லாதவர்களுக்குத் தொட்டில் பிள்ளை என்று கேட்டது கிடைக்கும். சூளை என்றால் செங்கல் வைத்துக் கட்டியது இல்லை. தரையில் அடுக்கி, வறட்டியும் தென்னமட்டையும் மூடி, மேலே வைக்கோலும் சேறும் பூசி, காற்றைப் பார்த்துப் பற்றவைப்பார். ஸ்டோன்வேர் சூட்டுக்கு அது ரொம்பக் கீழே. அடுத்த நாள் சாம்பலைத் தள்ளி எடுத்து, சுண்ணாம்பும் காவியும் அடித்தால் முடிந்தது.

அந்தச் சூட்டில் சுட்ட மண் நுண்துளை நிறைந்தது, தண்ணீரை உறிஞ்சும். சின்னச் சுண்ணாம்புக் கட்டி ஒன்று உள்ளே இருந்தால் ஈரம் பட்டதும் உப்பி மேல்பட்டையைத் தள்ளிவிடும். இப்படியே சில மழைக்காலம் கழித்து முதலில் கொம்பு போகும், பிறகு கால். அது அப்புச்சிக்குத் தெரியாமல் இல்லை. கெட்டியாகச் சுடுகிற வித்தையும் அவருக்குத் தெரியும், அடுப்புச் சட்டிகளை அப்படித்தான் பார்த்துப் பார்த்துச் சுடுவார்.

கொண்டுபோய் வைத்ததோடு உருவாரத்தின் வேலை முடிந்தது. வேண்டுதல் ஒப்படைக்கப்பட்டாயிற்று. அடுத்த பொங்கலுக்கு அடுத்த வீட்டு மாடு வரும், அதற்கு இடம் வேண்டும். அதைச் செய்கிற வீட்டுக்கும் அடுத்த வருஷம் வேலை வேண்டும், இதை யாரும் யோசிப்பதே இல்லை. நான் 1250 டிகிரியில் ஒரு மாட்டைச் சுட்டுக் கொண்டுபோய் வைத்தால் அது என் பேரன் பேத்திகளுக்கு அப்புறமும் அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். கோவிலுக்குக் கேட்டு வருகிறவர்களை நான் உருவாரம் செய்கிற வீடுகளுக்குத்தான் அனுப்புகிறேன். நீங்களும் அங்கேயே வாங்குங்க, விலை பேசாமல் வாங்குங்க.

ஒன்றா என்று கேட்டீர்கள். கை ஒன்று, மண் ஒன்று. இருக்கவேண்டிய காலம் வேறு. எந்த வேலையை எடுத்தாலும் நான் முதலில் முடிவு செய்வது அதைத்தான். இது ஒரு பருவம் இருந்தால் போதுமா, ஒரு ஆயுசா, அதற்கும் மேலா? அது தெரிந்தால் எந்த மண், எத்தனை தடிமன், எவ்வளவு சூடு, கிளேஸ் வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் தானாக அமைந்துவிடும்.

விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கினேன். விற்றவர் 'சுட்டது சார், உடையாது' என்றார். நல்லதுதானே?
– பல்லடம் வாசகர்

கரைக்கிறதற்கு வாங்கினீங்களா, வைத்துக்கொள்வதற்கா? சுட்ட மண் தண்ணீரில் கரையாது, குளத்தின் அடியில் ஓடாகக் கிடக்கும். பச்சை மண் பிள்ளையாராகப் பார்த்து வாங்குங்க, சாயம் பூசாததாக.

உங்களுடைய 'கிணறு' சிற்பங்களைக் கோவையில் ஒரு கண்காட்சியில் பார்த்தேன். கிணற்றை ஏன் தரைக்கு மேல் தூக்கி நிறுத்தினீர்கள்? இந்த மாதிரி யோசனையெல்லாம் எப்படி வருகிறது, முதலில் வரைந்துகொள்வீர்களா?
– ஈரோடு வாசகர்

எங்க தோட்டத்துக் கிணறு பாறையில் வெட்டினது. ஒரு ஓரமாகச் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு படிக்கல்லுகள் இறங்கும். மேலே மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்துக் கல்தூண்கள் இரண்டு நிற்கின்றன. நானும் எங்க மாமன் பிள்ளைகளும் நீச்சல் பழகியது அதில்தான். இப்போது சுற்றுவட்டாரத்தில் எல்லாம் ஆழ்குழாய். கிணற்றில் புறாதான் குடியிருக்கிறது. வற்றிய கிணற்றைப் பற்றி ஏதாவது செய்யவேண்டும் என்று ரொம்ப நாள் நினைப்பு இருந்தாலும், செய்து பார்த்ததெல்லாம் புலம்பலாகவே வந்தது. புலம்பல் எனக்குப் பிடிக்காது.

ஒரு நாள் தூர் எடுக்கிற ஆளோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒன்று உறைத்தது. கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறோம், உள்ளே இறங்கியிருக்கிறோம், அதன் வெளிப்புறத்தை யாருமே பார்த்ததில்லை. அப்படி ஒன்று கிடையவே கிடையாது. சுற்றிலும் இருக்கும் பூமிதான் அதற்கு வெளிப்புறம். அப்படியானால் அந்த இல்லாத புறத்தை நான் என்னவாகச் செய்யலாம்? அங்கிருந்து வேலை தானாக நகர்ந்தது. மேலே செம்மண், அதற்கடியில் சுக்கான், அதற்கும் அடியில் பாறை. வேர் எவ்வளவு தூரம் இறங்கும், எலி வளை எங்கே நிற்கும், பக்கத்துக் காட்டு ஆழ்குழாய் எந்த ஆழத்தில் குறுக்கே போகும் என்று வெளிச்சுவரை அடுக்கடுக்காக யோசித்தேன். உள்பக்கம் படிகள் மட்டும்.

வரைவது குறைவு. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் அடிவட்டத்தைப் போட்டுக்கொள்வேன். அதையும் பெரிதாகத்தான் போடணும், ஏனென்றால் ஈரமண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் என்னுடைய கலவை நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு சுருங்கும். ஒரு மீட்டர் கட்டினால் 88 சென்டிமீட்டர்தான் கைக்கு வரும். கட்டுவது திரி முறையில். மண்ணைக் கயிறாக உருட்டி வளையம் வளையமாக வைத்து, உள்ளேயும் வெளியேயும் இழைத்துக்கொண்டே மேலே போகவேண்டும். கீழே இருக்கும் வளையம் கொஞ்சம் இறுகின பிறகுதான் மேலே ஏற்றலாம், இல்லாவிட்டால் வயிறு தள்ளிவிடும். ஒரு நாளைக்கு ஒரு முழம் ஏறினாலே பெரிசு. மண்ணில் பழைய சுட்ட மண்ணைப் பொடித்துச் சேர்த்திருப்பேன், குரோக் என்பார்கள். அது சுருக்கத்தைக் குறைக்கும், ஈரம் வெளியேற வழியும் விடும்.

கிணற்றின் அடியில் பூசியிருக்கும் கிளேஸைப் பற்றிப் பலர் கேட்டார்கள். மக்னீசியம் கார்பனேட் அதிகம் போட்ட கலவை அது. பூசிக் காயும்போதே சுருங்கிப் பிளந்து, சூளைக்குள் ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக ஒதுங்கி, வற்றிய குளத்துத் தரை போல நிற்கும். குடிக்கிற கோப்பையில் இப்படி வந்தால் தூக்கிப் போடவேண்டிய சரக்கு. இங்கே அதுதான் வேண்டியிருந்தது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டி எடுக்கும் வெள்ளைக்கல்லும் மக்னீசியம் கார்பனேட்தான். கடையில் நான் வாங்கும் பொடி அதைவிட லேசானது, பஞ்சாக இருக்கும், அதனால்தான் அவ்வளவு சுருங்குகிறது.

வேலைக்கு ஏற்ற மாசம் எது?
– பொள்ளாச்சி வாசகி

மாசியும் பங்குனியும். ஐப்பசி, கார்த்திகையில் மண் காயவே காயாது. சித்திரை வெயில் மேலே மட்டும் காயவைத்துப் பிளந்துவிடும். மோசமானது ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று உங்களுக்கே தெரியும், காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கு சிற்பத்தின் மேற்குப்பக்கம் மட்டும் காய்ந்து ஒருபக்கமாக இழுத்துக்கொள்ளும். ஆடி முழுக்க மேற்கு ஜன்னலைச் சாக்கு போட்டு மூடிவிட்டு, பலகையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருப்பேன்.

காங்கயத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நிற்கிற காங்கயம் காளை ஒன்றுகூட செய்யவில்லையே, எல்லாம் படுத்திருக்கிறதே? அந்த நிறத்தைச் செராமிக்கில் கொண்டுவர முடியுமா?
– காங்கயம் வாசகர்

ஊர்க்காரர் கண்ணில் படாமல் இருக்குமா! காரணம் கால்தான். காங்கயம் காளைக்கு அழகே அந்தக் கடைந்தெடுத்த காலும், மேலே ஏறி நிற்கிற திமிலும். 1200 டிகிரிக்கு மேல் போகும்போது மண் இறுகுவதற்கு முன்னால் கொஞ்சம் இளகும். அந்த நேரத்தில் நாலு மெல்லிய காலின்மேல் அவ்வளவு பெரிய உடம்பு உட்கார்ந்தால் முட்டி மடங்கிவிடும். ஐயனார் குதிரைகளைப் பாருங்க. கால்கள் அடிமரத் தடிமனில் இருக்கும், வயிற்றுக்கு அடியில் ஒரு தூணோ பூதமோ முட்டுக்கொடுத்து நிற்கும். அலங்காரத்துக்கு வைத்ததாக நினைப்போம். அது எடையைத் தாங்க வைத்தது.

நிற்கிற காளையும் செய்யலாம். அதே மண்ணிலேயே முட்டு செய்து வயிற்றுக்கு அடியில் வைத்துச் சுடவேண்டும். அதே மண்ணாக இருந்தால்தான் காளை சுருங்கும்போது முட்டும் கூடவே சுருங்கும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் அந்தச் சூட்டில் உருகாத அலுமினாப் பொடி தூவவேண்டும். இப்போது ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது. நின்றால் உங்களுக்குச் சொல்லி அனுப்புகிறேன்.

நிறத்துக்கு வருவோம். காங்கயம் கன்று பிறக்கும்போது செவலை, ஆறு மாசத்துக்குள் சாம்பலாகிவிடும். காளையாக வளர்ந்தால் தலை, கழுத்து, திமில் எல்லாம் கருக்கும். இத்தனையையும் ஒரே ஒரு பொருளை வைத்துக் கொண்டுவர முடியும் என்பதுதான் எனக்கு இதில் ருசி. இரும்பு ஆக்ஸைடு. சூளையில் காற்று தாராளமாக இருந்தால் தேன் நிறம், செம்பழுப்பு. காற்றைக் குறைத்துப் புகையவிட்டால் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இரும்பே சாம்பல் பச்சை தரும். எட்டு பத்து பங்கு போட்டால் கிட்டத்தட்ட கறுப்பு. புகையவிடுவது கேஸ் சூளையிலோ விறகுச் சூளையிலோதான் சரிப்படும். கரண்ட் சூளையில் அப்படிச் செய்தால் கம்பிச் சுருள் கெட்டுவிடும்.

கொடுமணல் அகழாய்வுப் பானை ஓடுகள் வெளியே சிவப்பாகவும் உள்ளே கறுப்பாகவும் இருக்கின்றனவே. இரண்டு வண்ணம் பூசினார்களா? நான் பிளஸ் டூ படிக்கிறேன்.
– பெருந்துறை மாணவர்

நல்ல கேள்வி தம்பி. கறுப்பும் சிவப்பும் தீ கொடுத்த நிறம், பூசினது இல்லை. மேலே சொன்ன அதே இரும்பு, அதே காற்றுக் கணக்கு. பானையை உமி, வைக்கோல் மாதிரி எரிபொருளின்மேல் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்பக்கத்துக்கும் வாய்ப்பக்கத்துக்கும் காற்று போகாது. புகை அங்கேயே அடைந்து கரியாகப் படியும், கறுப்பாகும். காற்று படுகிற வெளிப்பக்கம் சிவக்கும். எல்லாப் பானையும் இப்படித்தான் சுட்டார்கள் என்று ஆய்வாளர்கள் ஒரே குரலில் சொல்வதில்லை, ஆனால் இந்த முறையில் அந்த நிறம் வருகிறது. பட்டறைக்கு வந்தால் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துச் சுட்டுக் காட்டுகிறேன்.

கொடுமணல் நொய்யல் கரையில், நமக்கு எட்டுகிற தூரம். 1980-களிலிருந்து அங்கே தோண்டியிருக்கிறார்கள். இரும்பு உருக்கின அடையாளம், மணி கடைந்த அடையாளம், தமிழி எழுத்தில் பெயர் கீறின ஓடுகள் எல்லாம் கிடைத்தன. அந்தப் பெயர்களில் பெரும்பாலானவை பானையைச் சுட்டபிறகு கூரான எதையோ வைத்துக் கீறியவை. வாங்கினவர் 'இது என்னுடையது' என்று போட்டுக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, செய்தவர் பெயர் எங்கே என்று தெரியவில்லை! 2000 வருஷத்துக்கு மேல் ஆன அந்த ஓடுகள் இன்றைய ஸ்டோன்வேர் சூட்டுக்கு வெகு கீழே சுட்டவை. மண்ணுக்குள் வெயில் படாமல் கிடந்ததால் தாங்கிவிட்டன. எத்தனை காலம் என்று நான் போடுகிற கணக்கையெல்லாம் இந்த ஓடுகள் பொய்யாக்கிவிடுவதும் உண்டு.

போனால் ஓட்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வராதே கண்ணு. எந்த அடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் ஓடு.

மகள் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, ஐடி வேலைக்குப் போகமாட்டேன், களிமண் வேலைதான் செய்வேன் என்கிறாள். இதில் சோறு கிடைக்குமா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.
– நாமக்கல் வாசகி

சிற்பத்தில் மட்டும் கிடைக்காதுங்க. எனக்கும் கிடைப்பதில்லை. கோவையில் இருக்கிற காபிக் கடைகள், ஓட்டல்களுக்குத் தட்டும் கோப்பையும் செய்கிறேன், வீடு கட்டுகிறவர்களுக்குச் சுவர் ஓடு செய்கிறேன். மாசாமாசம் வீட்டுக்கு வருவது அந்தப் பணம். சிற்பம் விற்றால் மொத்தமாக வரும், எப்போது விற்கும் என்று முருகனுக்குத்தான் வெளிச்சம். கோப்பை செய்வதை மட்டமாக நினைக்கிற ஆளாக இருந்தால் இந்தப் பக்கம் அனுப்பாதீங்க. ஒரே மாதிரி ஐம்பது கோப்பை இழுக்கிற கைக்குத்தான் சிற்பத்தின் சுவர் எங்கே மெலிகிறது என்று தெரியும்.

படிக்க இடம் இருக்கிறது. சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் செராமிக் பட்டப்படிப்பு உண்டு. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்கிற டாக்டர் ஆரம்பித்த கலைப் பள்ளி அது. விருத்தாசலத்தில் அரசு செராமிக் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே டிப்ளமோ, தொழிற்சாலைப் பக்கம் சாய்ந்த படிப்பு. பொறியியல் படித்த பிள்ளைக்குக் கலவைக் கணக்கு எல்லாம் சீக்கிரம் பிடிபடும். பாண்டிச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்கிற மண்பாண்டப் பட்டறையில் பழகி வந்தவர்கள் இன்று நாடு முழுக்க இருக்கிறார்கள். 2018-இல் ஜெய்ப்பூரில் இந்திய செராமிக்ஸ் ட்ரையென்னாலே என்கிற மூன்றாண்டுக் கண்காட்சி முதல் தடவை நடந்தபோது மண் சிற்பத்துக்கென்று இவ்வளவு பெரிய அரங்கமா என்று எங்களுக்கே ஆச்சரியம்.

ஒரு வருஷம் கொடுத்துப் பாருங்க. மண் மிதிக்கிறது, வடிகட்டுகிறது, மூட்டை தூக்குகிறது, சூளைக் காவல் எல்லாம் பண்ணட்டும். பிடித்தால் இருப்பாள். சக்கரத்தில் கை வைத்துப் படம் எடுத்துப் போடுகிற ஆசை மட்டும் என்றால் வேனிற்காலம் முடிவதற்குள் ஐடி வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிடுவாள்.

சொந்தமாகச் சூளை வாங்கலாமா? கரண்டா, கேஸா?
– திருப்பூர் வாசகர்

திருப்பூர்க்காரருக்கு மூணு பேஸ் கரண்டைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. வீட்டு லைனில் கரண்ட் சூளை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் எத்தனை கிலோவாட் என்று கேட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து காட்டுங்க. ஆரம்பத்துக்குக் கரண்ட் சூளை நல்லது, சூடு சீராக ஏறும், தூங்கலாம். கேஸில் நிறம் விளையாடும், ஆனால் தூங்க முடியாது. வேகமாக இழுத்தால் சிலிண்டரின் வெளிப்புறம் பனி படிந்து அழுத்தம் விழும், அதற்காக இரண்டு மூன்றைச் சேர்த்து இணைப்போம். எதை வாங்கினாலும் மீட்டரை மட்டும் நம்பாமல் உள்ளே கோன் வையுங்க. குறிப்பிட்ட சூட்டில் வளையும் கூம்பு அது, 1886-இல் ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் கண்டுபிடித்தது. மீட்டர் சூட்டை மட்டும் சொல்லும். எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் வெந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வது கோன்.

முதலில் யாராவது பட்டறையில் வாடகைக்குச் சுட்டுப் பழகுங்க. அப்புறம் வாங்கலாம்.

களிமண் உடம்புக்கு நல்லது என்கிறார்களே?
– அவிநாசி வாசகர்

ஈரமாக இருக்கும்வரைக்கும். காய்ந்த மண் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருஷக்கணக்காக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுத்துவிடும். பட்டறையில் விளக்குமாறு வைத்துப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கவேண்டும். கிளேஸ் பொடி கலக்கும்போது நல்ல மாஸ்க். ஈயம் கலந்த கிளேஸ் எந்த விலைக்குக் கொடுத்தாலும் சாப்பிடுகிற பாத்திரத்துக்கு வேண்டாம்.

உங்கள் பட்டறையைப் பார்க்க வரலாமா?
– சேலம் வாசகி

தாராளமாக வாங்க. சூளை பற்றவைத்த நாளாக இருந்தால் மட்டும் வேண்டாம், அன்றைக்கு நான் யாரோடும் ஒழுங்காகப் பேச மாட்டேன், எங்க வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். போன் பண்ணிக் கேட்டுவிட்டு வந்தால் மத்தியானச் சோறு எங்களோடு. வீட்டில் உடைந்த மண்சட்டி, நாட்டு ஓடு கிடந்தால் ஒரு பை கொண்டு வாங்க, இடித்துச் சிவப்பு மண்ணில் சேர்த்துக்கொள்வேன். பீங்கான் வேண்டாம்.